பொட்டு ஒட்டிய பிளாப்பி

தனசேகர் அண்ணாச்சி பொய் சொல்கிறார். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொல்கிறார். உண்மை அவருக்குத் தெரியவந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவன் நான். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

போன வாரம் தபாலில் ஒரு விழா மலர் வந்தது. அண்ணாச்சியின் கல்வி நிறுவனத்துக்கு ஆண்டு விழாவாம். ஆதியில் அவரிடம் வேலை பார்த்தவன் என்ற மரியாதைக்கு எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். வழவழவென்று தாள், பக்கத்துக்குப் பக்கம் பொன்னாடை. நடுவில் அண்ணாச்சி தன் ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் இப்படி ஒரு பத்தி:

"எங்கள் முதல் கம்ப்யூட்டர் சென்டரில் பரளச்சிப் பக்கமிருந்து வந்த ஒரு மாணவி, எங்கேயோ வாங்கிய பிளாப்பியைப் போட்டு எல்லா மெஷின்களுக்கும் வைரஸைப் பரப்பிவிட்டாள். பிளாப்பியில் பொட்டு வேறு ஒட்டியிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!"

பேரைப் போடவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருப்பார். பரளச்சிப் பக்கமிருந்து எங்களிடம் படிக்க வந்தது ஒரே ஒரு பெண்தான். ஊரைப் போட்டால் பேரைப் போட்ட மாதிரிதான். அவள் பேர் பேச்சியம்மாள். தப்புச் செய்யாதவள் பேரை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

எனக்கு எழுதி வழக்கமில்லை. கோர்வையாகச் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலரைத் தூக்கிப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். எங்கள் தெருவில் ஒருத்தர் இன்னும் மாடு வைத்திருக்கிறார். தொட்டியில் புண்ணாக்கு ஊறப்போட்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். மற்றவர்களுக்கு கம்ப்யூட்டர் என்றால் என்ன வாடையோ, எனக்குப் புண்ணாக்கு வாடைதான்.

ஏனென்றால் அண்ணாச்சியின் சென்டர் அவர் அப்பாவின் கடைக்கு மேலே இருந்தது. கீழே பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. மேலே நாலு கம்ப்யூட்டர். அருப்புக்கோட்டையில் அந்தக் கடையைத் தெரியாத மாட்டுக்காரர் கிடையாது. மூட்டைகளுக்கு நடுவில் ஒருக்களித்து ஏறுகிற படி. ஏறினால் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. ஊரில் தியேட்டருக்குக்கூட அப்போது ஏசி இல்லை. வெயில் காலத்தில் "கோர்ஸ் விவரம் கேக்கணும்" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் குளிருக்கு வருகிறவர்கள். அரை மணி நேரம் விவரம் கேட்டுவிட்டு, "வீட்ல கேட்டுட்டு வாரேன்" என்று போய்விடுவார்கள். செருப்பை வெளியே விட வேண்டும், காலைக் கழுவ வேண்டும். எங்கள் பக்கத்துக் கரிசல் தூசி மெஷினுக்குள் போனால் ஆபத்து என்று அண்ணாச்சிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எவ்வளவு கழுவினாலும் புண்ணாக்கு வாடை மட்டும் எங்கள் எல்லோரோடும் உள்ளே வந்துவிடும்.

இது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அங்கே வாத்தியார். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, மதுரையில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். மாணவர்களைவிட எட்டுப் பக்கம் முன்னால் இருந்தேன். சில நாள் நாலு பக்கம். யாராவது அஞ்சாவது பக்கத்திலிருந்து கேள்வி கேட்டால், "அது நாளைக்கு வரும்" என்பேன்.

பிளாப்பியைப் பார்க்காதவர்கள் இப்போது இருக்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். கறுப்புச் சதுர உறை, உள்ளே நாடா மாதிரி மெல்லிய தட்டு. அப்பளம் போல வளையும். இன்றைக்குப் பென் டிரைவில் கொண்டுபோகிற எல்லாவற்றையும் அன்றைக்கு அதில்தான் கொண்டுபோவோம், அதில் கொள்ளாததை விட்டுவிடுவோம். எங்கள் நாலு மெஷினில் மூன்றுக்குச் சொந்தமாக ஞாபகமே கிடையாது. காலையில் ஒரு பிளாப்பியைப் போட்டால்தான் எழுந்திருக்கும். அந்தப் பிளாப்பிக்குச் சாவி என்று பேர். முதல் மெஷினில் போடுவேன், அது எழுந்ததும் உருவி இரண்டாவதில், பிறகு மூன்றாவதில். சாவி இரண்டு இருந்தது. ஒன்றை நான் சித்திரை மாதத்தில் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் நிஜமாகவே அப்பளம். அதிலிருந்து ஒரே சாவி, மூன்று மெஷின்.

பேச்சியம்மாள் திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்குவாள். பரளச்சியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அப்பா கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்து, நாள்கணக்கில் காவல் இருந்து கரியாக்குகிற வேலை. பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அவள் அக்கா பஞ்சாலையில் நூல் ஓடுகிற பக்கம் வேலை பார்த்தாள், பஞ்சுத் தூசியில் எந்நேரமும் இருமுவாளாம். அந்த ஆலை ஆபீஸில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். சர்டிபிகேட்டோடு வந்தால் தங்கச்சியை ஆபீஸில் சேர்த்துக்கொள்வதாக அக்காவிடம் சொல்லியிருந்தார்கள்.

"எங்கக்கா நிக்கிற எடத்துக்கும் அந்த ஆபீஸுக்கும் நடுவுல ஒரே ஒரு கண்ணாடிதான் சார்" என்று ஒரு நாள் சொன்னாள். "அந்தக் கண்ணாடிக்கு அங்கிட்டுப் போயிரணும்."

ஆறு மாத கோர்ஸ். அஞ்சு மாதம் முடித்திருந்தாள். தேர்வுக்கு அவரவர் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். அவள்தான் முதலில் முடித்தாள், ஆலை ஆட்களின் வருகைப் பதிவு. அக்கா லீவு போட்டால் எந்தக் கட்டத்தில் என்ன விழும் என்பது வரைக்கும் யோசித்து எழுதியிருந்தாள். எனக்கே அதில் ஒரு இடம் புரியவில்லை. "நல்லாருக்கு" என்று தலையாட்டிவிட்டேன்.

முடித்ததை யாரும் கெடுத்துவிடக் கூடாதே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டாள். அது என் எட்டுப் பக்கத்துக்குள் இருந்த விஷயம். பெருமையாகச் சொன்னேன். பிளாப்பியின் ஓரத்தில், எலி கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது திறந்திருந்தால் மெஷின் பிளாப்பியில் எழுதும். மூடியிருந்தால் படிக்க மட்டும் செய்யும், எழுதாது. மூடுவதற்குப் பிளாப்பிப் பெட்டியிலேயே சின்னச் சின்ன ஸ்டிக்கர் வரும். எங்கள் ஸ்டிக்கரையெல்லாம் அண்ணாச்சியின் பிள்ளைகள் வீட்டுப் பீரோவில் ஒட்டிவிட்டார்கள்.

"எதை வச்சு ஒட்டுனாலும் கேக்குமா சார்?"

"எதை வச்சும் ஒட்டலாம்."

மறுநாள் வந்தாள். வெட்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பசையும் பசையும் ஒட்டிக்கொள்கிற மாதிரி இரண்டு பெரிய வெல்வெட் ஒட்டுப்பொட்டு. அரக்கு நிறம். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் உட்காருகிற சரஸ்வதி, காரியாபட்டிக்காரி, வாய் சும்மா இருக்காது. "ஏ பேச்சி, மாப்ள யாரு? எந்த மெஷினு?" என்றாள்.

"ஒன்னயத்தான் துணைப்பொண்ணா நிறுத்தப் போறேன், இரு" என்றாள் பேச்சி.

அண்ணாச்சி உள்ளே வந்தார். பிளாப்பியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் நாலு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவர் அவர். அவருக்குப் பொட்டுப் பிடிக்கவில்லை.

"என்னய்யா இது அசிங்கமா? நாலு பேரு வந்து போற எடம். சுத்தமா செல்லோடேப் வாங்கி ஒட்டச் சொல்லு."

செல்லோடேப் வாங்கினேன். சாவி பிளாப்பிக்கு நானே என் கையால் ஒட்டினேன். கண்ணாடி மாதிரி, சுருக்கம் விழாமல் ஒட்டினேன். மற்ற பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டார்கள். பேச்சி மட்டும் பொட்டை எடுக்கவில்லை. "இது நல்லாத்தான சார் ஒட்டிருக்கு" என்றாள். சரி, போ என்று விட்டுவிட்டேன். அவளைப் பற்றி நான் எடுத்த முடிவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அண்ணாச்சி மாதத்துக்கு ஒருதரம் மதுரைக்குப் போவார். அந்த முறை திரும்பி வரும்போது ஒரு பிளாப்பியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கார் ஓட்டுகிற கேம். மதுரையில் ஒரு சிநேகிதர் காப்பி போட்டுக் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை சென்டர் லீவு. என்னை வரச் சொல்லியிருந்தார். சாவியைப் போட்டு முதல் மெஷினை எழுப்பினேன். பிளாப்பி செருகுகிற டிரைவ் அதில் இரண்டு, மேலே ஒன்றில் சாவி, கீழே இன்னொன்றில் கேம். சாவியை வெளியே எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. செல்லோடேப்தான் ஒட்டியிருக்கிறதே!

மத்தியானம் வரைக்கும் விளையாடினோம். உண்மையைச் சொல்கிறேன், நான்தான் அதிகம் விளையாடினேன். அண்ணாச்சி வளைவில் திருப்பும்போது அவரும் சேர்ந்து சாய்வார், நாற்காலியிலிருந்து இரண்டு தரம் விழப் பார்த்தார். "ஏய்யா, பிரேக்கு எதுய்யா, பிரேக்கு எது?" என்று கத்திக்கொண்டே போய் மரத்தில் மோதுவார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. கெட்ட மனுஷன் இல்லை அவர். என் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். அதனால்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இருந்திருக்கக் கூடாது.

மறுநாள் திங்கட்கிழமை. உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் கமிட்டிக்காரர்கள் வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் தங்கள் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிற பொறுப்பை அண்ணாச்சிக்குக் கொடுப்பார்கள். அவர் புதுச் சட்டை. எனக்கும் ஒரு டை வாங்கி வைத்திருந்தார். கட்டத் தெரியாமல் பையில் வைத்துக்கொண்டேன்.

காலையில் வழக்கம்போல ஒரே சாவியால் மூன்று மெஷினையும் எழுப்பினேன். பேச்சி வந்தாள், தன் பிளாப்பியைப் போட்டாள், தன் புரோகிராமை ஓட்டினாள். உடனே கையைத் தூக்கினாள்.

"சார், எழுத முடியல, பிளாப்பி மூடிருக்குன்னு சொல்லுது."

"பொட்டு ஒட்டிருக்கேல்ல, அப்படித்தான் சொல்லும்."

"இல்ல சார். நான் எதையும் எழுதச் சொல்லலையே. ஓட்டத்தான் சொன்னேன். இது எதுக்கு எம் பிளாப்பியில எழுதப் பாக்குது?"

இதுதான் கேள்வி. அந்த அறையில் அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே புத்தியுள்ள கேள்வி இதுதான். யாரும் சொல்லாமல் ஒரு மெஷின் தானாக எழுதப் பார்க்கிறது என்றால், எழுதச் சொல்கிறவன் வேறு யாரோ உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குக் கமிட்டிக்காரர்கள் வருகிற அவசரம்.

"பொட்ட எடுத்துட்டுப் போடு, சரியாப் போயிரும்."

"எடுக்கமாட்டேன் சார்."

"ஏம்மா?"

"எழுதட்டும்னு விட்டா என்னத்த எழுதும்னு தெரியலையே."

வாத்தியார் சொல்லை மீறுகிறாளே என்று எனக்குக் கோபம். பிளாப்பியை வெளியே எடுத்துவிட்டு நோட்டைப் பார்த்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். செயலாளருக்குப் பெரிய சரீரம், படியில் மூட்டைகளுக்கு நடுவே ஏறி வருவதற்குள் வெள்ளை வேட்டியில் தவிடு. ஏசியில் உட்கார்ந்ததும் முகம் மலர்ந்தது. நான் அவர் பேரை இங்கிலீஷில் பெரிதாக அடித்து, கீழே பள்ளிக்கூடத்தின் பேரையும் அடித்தேன். அண்ணாச்சி பேசிக்கொண்டிருந்தார், "இனிமே எல்லாமே இதுலதாங்க. பேனா, பேப்பர் எதுவும் கெடையாது…"

செயலாளரின் பேரில் முதல் எழுத்து கீழே விழுந்தது.

வேப்பமரத்திலிருந்து பழம் விழுகிற மாதிரி, கழன்று, நேராக ஸ்கிரீனின் அடிக்குப் போய் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு பொலபொலவென்று எல்லாம். மேலே காலி, கீழே குப்பை.

"நல்லாருக்கே!" என்றார் செயலாளர். "இதுவும் புரோகிராமா தம்பி?"

"எம் பேரும் விழுமா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கி மெஷினைத் திரும்ப எழுப்பினேன். எழுந்தது, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் விழுந்தது. அடுத்த மெஷினுக்குக் கூட்டிப் போனோம். அதிலும் விழுந்தது. சத்தம் கேட்டுக் கீழேயிருந்து அண்ணாச்சியின் அப்பா ஏறி வந்தார். கடை முழுக்க எலித் தொல்லை, அவருக்கு அதே கவலை. "எலியாப்பா? வயரக் கடிச்சிருச்சா?" என்றார். கமிட்டிக்காரர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அண்ணாச்சியின் காது சிவந்தது.

"எப்பருந்துய்யா இப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "காலையில பேச்சியம்மா பிளாப்பி போடும்போது என்னமோ எரர் வந்துச்சு அண்ணாச்சி."

அவ்வளவுதான். அவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. மேஜையில் இருந்த பிளாப்பியை எடுத்துக் கமிட்டிக்காரர்களுக்குத் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தார். இரண்டு பக்கமும் பொட்டு.

"இத யாரு கொண்டாந்தது?"

பேச்சி எழுந்து நின்றாள். "எந்துதான் சார்."

"கண்ட பிளாப்பியக் கொண்டாந்து போட்டு, அதுல பசையும் பொட்டுமா… மெஷினு என்னத்துக்காகும்?"

"நான் கெடுக்கல சார். அதுதான் எம் பிளாப்பியில எழுதப் பாத்துச்சு. நான் விடல."

"எந்த ஊரு நீ?"

"பரளச்சிக்கு அங்கிட்டு."

ஊர் அவருக்குத் தெரியும். அஞ்சு மாதமாகப் படிக்கிற பிள்ளை. பிறகு, "எந்தத் தெரு?" என்று கேட்டார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அறையில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் சொன்னாள். செயலாளர் "ம்" என்றார். அந்த 'ம்'-முக்கு மேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"நாளையிலேருந்து வர வேண்டாம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "சார், நீங்க சொல்லுங்க சார். நீங்கதான எதை வச்சும் ஒட்டலாம்னீக."

நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரஸ்வதி, எதற்கும் அடங்காதவள், அவளும் குனிந்துகொண்டாள். பேச்சி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். பிளாப்பி அண்ணாச்சி கையிலேயே இருந்தது.

இரண்டு நாள் கழித்து மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். என் வயதுதான் இருக்கும். தன்னுடைய பிளாப்பியை ஒரு டப்பாவுக்குள் வைத்திருந்தார், அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. முதல் வேலையாக எல்லா மெஷினுக்கும் கரண்டை நிறுத்தினார்.

"மூணு பட்டன அமுக்குனா இது சாகாது சார். உள்ளயே முழிச்சிக்கிட்டு இருக்கும். கரண்ட நிறுத்தி, சுத்தமான பிளாப்பியில எழுப்பணும்."

சென்டரில் இருந்த ஒவ்வொரு பிளாப்பியாகப் பார்த்தார். சாவியில் வைரஸ். பிள்ளைகளின் பிளாப்பியில் வைரஸ். கேம் பிளாப்பியை எடுத்தவுடன் சிரித்தார். "இது மதுரைச் சரக்குல்ல? இந்தக் கார் கேம் வச்சிருக்கிற எல்லார்ட்டயும் இந்த வைரஸ் இருக்கு. போன மாசம் மட்டும் நாலு எடத்துல தொடச்சேன்."

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். நான் குறுக்கே பேசினேன், என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். "சாவி பிளாப்பிய மூடித்தான சார் வச்சிருந்தேன்?"

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "எங்க மூடிருக்கு? கீழ கெடக்கிற புண்ணாக்கு மூட்டையெல்லாம் தெரியுதே. டிரைவுக்குள்ள ஒரு கண்ணு இருக்கு சார். இந்த ஓட்ட வழியா வெளிச்சம் வருதான்னு பாக்கும். வந்தா எழுதும். செல்லோடேப்புல வெளிச்சம் நல்லாவே வருது. ஒட்டுறதும் ஒண்ணுதான், ஒட்டாததும் ஒண்ணுதான்."

கடைசியாகப் பொட்டு ஒட்டிய பிளாப்பி. போட்டார், பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"இந்தக் கூட்டத்துலயே சுத்தமா இருக்கிறது இது ஒண்ணுதான். ரெண்டு பக்கமும் வெல்வெட்டு, வெளிச்சம் துளி போகல. கெட்டிக்காரத்தனமா ஒட்டிருக்காங்க. யாரு சார் இது?"

"ஒரு பிள்ள" என்றார் அண்ணாச்சி. "நின்னுருச்சு."

இன்ஜினியர் பஸ் ஏறின பிறகு நான் கேட்டேன், "பேச்சிய வரச் சொல்லிருவமா அண்ணாச்சி? ஒரு மாசந்தான். பரீட்சைய முடிச்சு சர்டிபிகேட்டக் குடுத்துருவோம்."

"எப்பிடிய்யா வரச் சொல்ல? கமிட்டிக்காரவுக முன்னாடி சொல்லியாச்சு. இப்பப் போயி, நாந்தான் கேம் போட்டுக் கெடுத்தேன்னு சொல்லவா?" என் பக்கம் திரும்பினார். "இல்ல, எங்க வாத்தியாருக்குப் பிளாப்பி மூடத் தெரியாதுன்னு சொல்லவா?"

அந்த இரண்டாவது கேள்வியோடு நான் பேச்சியின் பேச்சை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துக்காரர்கள் பொறுப்பை அவருக்கே கொடுத்தார்கள். அதிலிருந்துதான் அவர் வளர்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பிளாப்பியை ஒரு நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். பரளச்சியில் இறங்கி விசாரித்து நடந்தேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் வண்டித்தடம். மூட்டம் புகைகிற இடத்தில் அவள் அப்பா நின்றிருந்தார். மூட்டத்தில் விரிசல் விட்ட இடத்தில் மண்ணைப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்.

யாரென்று சொன்னதும் மண்வெட்டியைக் கீழே போட்டார். பேச்சி இல்லை என்றார். அக்காவோடு ஆலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாளாம். நூல் ஓடுகிற பக்கம்தான்.

ஒரு பையனை அனுப்பிக் கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. நான் பேச வாயெடுப்பதற்குள் அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"எம்பிள்ள தெரியாமச் செஞ்சிருச்சுங்க சாரு. படிக்கத் தெரியும், சூதானம் பத்தாது. ஒங்களுக்கெல்லாம் எம்புட்டுக் கஷ்டம். மனசுல வச்சுக்கிறாதீக."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுஷன் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா?

"பரவால்லங்க."

மன்னித்துவிட்டேன்! நான், அவரை! கலரையும் குடித்தேன். பிளாப்பியை நீட்டினேன். அவர் துண்டில் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், கரி போகவில்லை. விரல் படாமல் உள்ளங்கைகளால் இடுக்கி வாங்கிக்கொண்டார். "இது என்னங்க சாரு?" என்று கேட்டார். "அவ எழுதுனது" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அவர் இறந்துபோன செய்தி சில வருஷம் கழித்துத் திருச்சுழியில் ஒருத்தர் சொல்லித் தெரிந்தது. தன் மகள் ஒரு பெரிய இடத்தில் மெஷினைக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே செத்திருப்பார். பேச்சி கல்யாணமாகிக் கமுதிப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். பிறகு திருப்பூர் என்றார்கள். அதற்கு மேல் தெரியாது. நான் தேடவும் இல்லை.

சென்டருக்கு ஏறுகிற அந்தப் படி இப்போது இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் செல்போன் கடை, வாசலில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. ஆலை மூடிக் கிடக்கிறது. அவள் சொன்ன அந்தக் கண்ணாடி உள்ளே இருக்கிறதோ உடைந்துவிட்டதோ. பிளாப்பி என்கிற சாமானே கிடையாது, அதைப் போடுகிற டிரைவும் கிடையாது. கேட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்த எழுத்து உதிர்க்கிற வைரஸ்கூடச் செத்துவிட்டது, இன்றைக்கு எந்த மெஷினிலும் அதற்கு உயிர் வராது. இதெல்லாம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போகட்டும். பழியும் இதோடு சேர்ந்து போயிருக்கும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அண்ணாச்சி வழவழத் தாளில் திரும்ப அச்சடித்துவிட்டார்.

என் பங்கை எழுதிவிட்டேன். செல்லோடேப் ஒட்டியவன் நான். கேமை அதிகம் விளையாடியவன் நான். அவளைக் கைகாட்டியவனும் நான். இதைப் படிக்கிற எல்லோரும் என்னைக் கேட்கலாம், நான் பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா. நீங்கள் மேடையில் இருப்பீர்கள், மைக் உங்கள் கையில் இருக்கும். பரளச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் இன்றைக்கு உங்கள் காலேஜில் நிறையப் பேர் படிக்கிறார்கள், எல்லோரும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். நானும் வருவேன். தனியாகக் கூப்பிட்டு என்னிடம் எதையும் சொல்ல வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள். பேச்சியம்மாளின் பிளாப்பியில் வைரஸ் இருந்ததா, இல்லையா?